நல்ல முதலாளி மட்டும் போதுமா?

*ஊதியம், விடுப்பு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைத் தாண்டி, ஒரு நிறுவனத்தைப் பணிபுரிய உகந்த இடமாக ஆக்குவது எது? ஜாம்ஷெட்பூர் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வரை, நூறாண்டுத் தொழில் வரலாறு இக்கேள்விக்குத் தரும் விடையை ஆராய்கிறது இச்சிறப்புக் கட்டுரை.*

பணிபுரிய உகந்த நிறுவனங்கள் எவை என்று பட்டியலிடும் வழக்கம், அமெரிக்காவில் ராபர்ட் லெவரிங், மில்டன் மாஸ்கோவிட்ஸ் முதலிய இதழாளர்கள் 1984-ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் ஒன்றின் வழியாகப் பரவலானது. தொழிலாளர் செய்திகளை எழுதிவந்தவரான லெவரிங், பல நிறுவனங்களை நேரில் ஆராய்ந்த பின், சம்பளமும் சலுகைகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டாலும், தொழிலாளர் விரும்பிப் பணிபுரியும் இடங்களில் எல்லாம் நிர்வாகத்தின் மீது அவர்கள் கொண்டிருக்கும் நம்பிக்கையே பொதுவான கூறாக இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். 1998 முதல் 'ஃபார்ச்சூன்' இதழ் ஆண்டுதோறும் இத்தகைய பட்டியலை வெளியிட்டுவருகிறது; இன்று இந்தியாவிலும் நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி, தம் ஊழியரிடையே கருத்துக்கணிப்பு நடத்தச் செய்து, 'பணிபுரியச் சிறந்த இடம்' என்ற சான்றிதழைப் பெற்று, அதை ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் பயன்படுத்துகின்றன.

இத்தகைய சான்றிதழ்கள் கணிப்பு நடந்த காலத்தில் ஊழியரிடம் நிலவிய மனநிலையைக் காட்டக்கூடியவை. ஆனால் தலைமை மாறும்போதும், சந்தை சரியும்போதும், மேலாளருக்கும் ஊழியருக்கும் கருத்து மோதும்போதும் அந்த நல்ல நிலை நீடிக்குமா என்ற கேள்விக்கு அவற்றில் விடை கிடைப்பதில்லை. நல்ல முதலாளி வாய்ப்பது தொழிலாளியின் நற்பேறு என்றால், அந்த நற்பேறு வாய்க்காத காலத்திலும் தொழிலாளியைக் காக்கும் ஏற்பாடு எங்கே இருக்கிறதோ அதையே நல்ல நிறுவனம் என்று கொள்வது பொருந்தும். அந்த ஏற்பாட்டின் மையம், குறையைச் சொன்னவர் அதனால் எதையும் இழக்காமல் இருப்பதுதான் என்பதைத் தொழில் வரலாறு மீண்டும் மீண்டும் உணர்த்துகிறது.

ஜாம்ஷெட்பூர்: கொடையும் கோரிக்கையும்

நல்ல முதலாளி என்ற கருத்துக்கு இந்தியாவில் மிக முழுமையான உருவம் கொடுத்த ஊர் ஜாம்ஷெட்பூர். இரும்பாலைக்கு இடம் முடிவாவதற்கு முன்பே, 1902-ஆம் ஆண்டில், ஜம்ஷெட்ஜி டாட்டா தம் மகன் தோராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், அமையவிருக்கும் தொழிலாளர் நகரத்தின் தெருக்கள் அகலமாக இருக்க வேண்டும், நிழல் தரும் மரங்கள் நடப்பட வேண்டும், விளையாட்டுத் திடல்களுக்கும் பூங்காக்களுக்கும் எல்லாச் சமயத்தாரின் வழிபாட்டு இடங்களுக்கும் நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தார். அவர் 1904-இல் மறைந்த பின் எழுந்த அந்த ஆலை 1912-இல் எஃகு உற்பத்தியைத் தொடங்கியபோது, எட்டு மணி நேர வேலைநாளையும் உடன் கொண்டுவந்தது; அமெரிக்காவின் மாபெரும் எஃகு நிறுவனமே பன்னிரண்டு மணி நேர வேலைமுறையைக் கைவிட 1923 வரை காத்திருந்தது என்பதோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும்.

தொடர்ந்து, 1915-இல் இலவச மருத்துவ உதவியும், 1920-இல் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் வருங்கால வைப்பு நிதியும் விபத்து இழப்பீடும், 1928-இல் மகப்பேற்று உதவியும், 1934-இல் இலாபத்தில் பங்கு தரும் போனஸும், 1937-இல் பணி ஓய்வின்போது தரப்படும் பணிக்கொடையும் அங்கு நடைமுறைக்கு வந்தன. இவற்றுள் விபத்து இழப்பீட்டை நாட்டின் சட்டம் 1923-இலும், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வேலை வரம்பை 1946-இலும், வைப்பு நிதியை 1952-இலும், மகப்பேற்று உதவியை 1961-இலும், போனஸை 1965-இலும், பணிக்கொடையை 1972-இலும்தான் கட்டாயமாக்கியது. ஒரு நிறுவனம் தானாக முன்வந்து செய்தவற்றை நாடு எட்டிப்பிடிக்கச் சில இனங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று.

ஆயினும் இதே ஜாம்ஷெட்பூரில் 1920, 1922, 1928 ஆகிய ஆண்டுகளில் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1920-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். முதல் உலகப் போருக்குப் பின் விலைவாசி ஏறியபோது ஊதியம் அதற்கு ஈடாக ஏறவில்லை என்பதும், 1928-இல் ஆட்குறைப்பு நடந்தது என்பதும் உடனடிக் காரணங்கள். ஆழத்தில் இருந்த காரணம் வேறு: தொழிலாளிக்கு எது தேவை என்பதை நிர்வாகமே எண்ணி, நிர்வாகமே வழங்கியது, அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்பதற்குத் தொழிலாளிக்கு முறையான வழி இல்லை. 1920-இல் பிறந்த தொழிலாளர் சங்கம், 1928-ஆம் ஆண்டுப் போராட்டத்தின்போது சுபாஷ் சந்திர போஸின் தலைமையை ஏற்று, பின்னர் டாட்டா தொழிலாளர் சங்கம் என்ற பெயரைப் பெற்றது. 1956-இல் நிர்வாகமும் சங்கமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, துறை, ஆலை, நிறுவனம் என்னும் மூன்று நிலைகளிலும் இரு தரப்பாரும் அமரும் கூட்டுக் குழுக்கள் உருவாயின. ஜாம்ஷெட்பூரின் பிற்காலத் தொழில் அமைதிக்கு நிழல் மரங்களும் மருத்துவமனையும் எவ்வளவு காரணமோ, அவற்றைவிடக் குறையாத அளவுக்கு இந்தக் குழுக்களும் காரணம்.

பெரம்பூர்: உணவு இடைவேளையிலிருந்து சட்டம் வரை

சென்னைப் பெரம்பூரில் பின்னி நிறுவனம் நடத்திய பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் வரலாறு இதே பாடத்தை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. தொழிலாளருக்குப் பள்ளியும் மருந்தகமும் குடியிருப்பும் அமைத்துக் கொடுத்த இந்த ஆலைகள், தொழிலாளர் நலத்துக்கு முன்மாதிரி என்று அக்காலத்தில் புகழப்பட்டவை. அந்த ஆலைகளின் தொழிலாளரை மையமாகக் கொண்டே 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்ட சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, திரு.வி. கலியாணசுந்தரனாரும் செல்வபதிச் செட்டியாரும் அதன் முன்னணியில் நின்றனர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் இச்சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று, அரைமணி நேர உணவு இடைவேளையைச் சில நிமிடங்கள் நீட்டிக்க வேண்டும் என்பதாகும்.

பள்ளியும் மருந்தகமும் தர முடிந்த ஒரு நிர்வாகத்திடம் சில நிமிடங்களைக் கேட்க ஒரு சங்கம் தேவைப்பட்டது என்பது சிந்தனைக்குரியது. நிர்வாகம் எண்ணிப் பார்க்காத இடத்தில் தொழிலாளியின் அன்றாடத் துன்பம் இருந்தது. உண்டு, கை கழுவி, மறுபடி எந்திரத்தின் முன் வந்து நிற்க அந்த நேரம் போதாது என்பது அதை அனுபவித்தவர்க்கு மட்டுமே தெரிந்திருந்தது. பின்னர் 1920-இல் துப்பாக்கிச்சூடும், கதவடைப்பும், 1921-இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தமும் நிகழ்ந்தன. வேலைநிறுத்தத்தைத் தூண்டி நிறுவனத்துக்கு இழப்பு ஏற்படுத்தியதாகச் சங்கத் தலைவர்கள் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டுத் தடையாணை பெறப்பட்டது. வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று. சங்கம் சேர்ந்ததற்காக உரிமையியல் வழக்கைச் சந்திக்க நேரும் இந்நிலை நாடெங்கும் விவாதத்தை எழுப்ப, என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் எடுத்த முயற்சி 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் முடிந்தது. பெரம்பூரில் தோற்றதாகக் கருதப்பட்ட கோரிக்கை, ஐந்தாண்டுகளில் நாடு முழுவதற்குமான சட்டப் பாதுகாப்பாக மாறியது.

ஊதியம் எதைத் தரும், எதைத் தராது

பணியிடத்தின் நன்மையை ஊதியத்தைக் கொண்டே அளக்கும் போக்கு இயல்பானது; ஊதியம் குறைவாக இருக்கும் இடத்தில் வேறு எதைப் பற்றியும் பேசுவதற்கு இடமில்லை என்பதும் உண்மை. அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க் நகரப் பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் நடத்திய நேர்காணல்களின் அடிப்படையில் 1959-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சிக்கலைத் தெளிவாக்கப் பெரிதும் உதவியது. பணியில் மனநிறைவைத் தருபவையும் மனக்குறையைத் தருபவையும் ஒரே அளவுகோலின் இரு முனைகள் அல்ல, அவை வெவ்வேறு காரணங்களிலிருந்து பிறக்கின்றன என்பது அவருடைய வாதம். ஊதியம், பணிச்சூழல், மேற்பார்வை, நிறுவனத்தின் விதிமுறைகள் ஆகியவை சரியில்லாதபோது மனக்குறை பிறக்கும். ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே மனநிறைவு பிறந்துவிடாது. ஒன்றைச் செய்து முடித்த நிறைவு, அதற்குக் கிடைக்கும் மதிப்பு, வேலையின் சுவை, பொறுப்பு, வளர்ச்சி ஆகியவையே மனநிறைவைத் தருகின்றன. முதல் தொகுதியை அவர் சுகாதாரக் காரணிகள் என்றார். குடிநீரைத் தூய்மையாக்கினால் நோய் தடுக்கப்படுமே தவிர, அதனாலேயே உடல்வலிமை பெருகிவிடாது என்ற கருத்து அப்பெயரில் அடங்கியிருக்கிறது.

இதற்கு முன்பே, சிகாகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள் தொழிலாளரின் மனநிலைக்கும் உற்பத்திக்கும் உள்ள உறவின்மீது உலகின் கவனத்தைத் திருப்பின. தொலைபேசிக் கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தும் சில பெண்களைத் தனி அறையில் அமர்த்தி, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது, மாற்றங்களைத் திரும்பப் பெற்ற கட்டத்திலும் உற்பத்தி பெருமளவுக்குக் குறையாமல் நின்றது. தம்மைப் பொருட்படுத்துகிறார்கள் என்ற உணர்வே உற்பத்தியைக் கூட்டியது என்று எல்டன் மேயோ முதலியோர் விளக்கினர். பின்வந்த ஆய்வாளர்கள் இதை ஐயத்துடன் நோக்கினர். அச்சோதனையின் இடையே ஒத்துழைக்காதவர்கள் என்று கருதப்பட்ட இரு பெண்கள் மாற்றப்பட்டதையும், அந்தச் சிறு குழுவின் உற்பத்திக்கேற்ப ஊதியம் கணக்கிடப்பட்டதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். அன்பான கவனிப்பு ஊதியத்துக்கு மாற்றாகும் என்று நம்ப விரும்பிய நிர்வாகங்களுக்கு ஹாதார்ன் ஆய்வு வசதியான சான்றாகப் பயன்பட்டது என்ற குறை அதன் மீது இன்றும் உண்டு. பிறந்தநாள் கேக்கும் குடும்ப விழாவும் நடத்தும் அலுவலகம், ஊதிய உயர்வைப் பற்றிய கேள்விக்கு விடை தராதபோது, ஊழியர் அந்தக் கேக்கின் பொருளைச் சரியாகவே புரிந்துகொள்கின்றனர்.

கயிற்றை இழுக்கும் அதிகாரம்

ஒரே ஊரில், ஏறத்தாழ அதே தொழிலாளர்களைக் கொண்டு, நிர்வாக முறை மட்டும் மாறும்போது பணியிடம் எப்படி மாறும் என்பதற்குக் கலிபோர்னியாவின் ஃபிரீமாண்ட் கார்த் தொழிற்சாலை அரிய சான்று. ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய அந்த ஆலை, தரக்குறைவுக்கும் வேலைக்கு வராமைக்கும் பெயர் பெற்று, 1982-இல் மூடப்பட்டது. சில நாள்களில் ஐவரில் ஒருவர் வேலைக்கு வராத நிலைகூட அங்கு இருந்தது. 1984-இல் டொயோட்டாவுடன் கூட்டு முயற்சியாக அது மீண்டும் திறக்கப்பட்டபோது, பழைய தொழிலாளரில் பெரும்பகுதியினரும் அவர்களுடைய சங்கமும் அப்படியே திரும்பி வந்தனர். ஓரிரு ஆண்டுகளில் வேலைக்கு வராதவர்களின் விகிதம் மிகச் சிறிய அளவுக்குச் சுருங்கியது. அமெரிக்காவின் தரமான கார்களுள் சில அங்கிருந்து வெளிவந்தன.

அங்கு நேர்ந்த மாற்றங்களுள் முதன்மையானது, ஆண்டன் எனப்படும் எச்சரிக்கை முறை. உற்பத்தி வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் குறையைக் கண்டவுடன் தலைக்கு மேல் செல்லும் கயிற்றை இழுக்கலாம். குழுத்தலைவர் உடனே வந்து உதவுவார். குறிப்பிட்ட நேரத்துக்குள் குறை தீராவிட்டால் வரிசை நின்றுவிடும். வரிசையை எக்காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது என்பதே பழைய நிர்வாகத்தின் எழுதப்படாத கட்டளையாக இருந்த இடத்தில், கடைநிலைத் தொழிலாளியின் கைக்கு அந்த அதிகாரம் வந்தது. இதற்கு இணையான மற்றோர் உறுதிமொழியும் இருந்தது: விற்பனை சரிந்த காலத்தில், தொழிலாளரை வெளியேற்றாமல், அவர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் பராமரிப்புப் பணிகளில் ஈடுபடுத்தவும் நிர்வாகம் அந்தக் காலத்தைப் பயன்படுத்தியது. குறையைச் சுட்டிக்காட்டி வேலையைச் செம்மைப்படுத்தினால் தம் வேலையே தேவையற்றதாகிவிடும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் யாரும் கயிற்றை இழுக்க மாட்டார்கள் என்பதால், இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. அந்த ஆலை 2010-இல் மூடப்பட்டபோதிலும், அதன் அனுபவம் மேலாண்மைக் கல்வியில் இன்றும் பாடமாக இருக்கிறது.

இந்த அச்சமின்மைக்கு ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்திய பெயர், உளவியல் பாதுகாப்பு. கேள்வி கேட்டாலோ, தவற்றை ஒப்புக்கொண்டாலோ, மாற்றுக் கருத்தைச் சொன்னாலோ தாம் இழிவுபடுத்தப்படவோ தண்டிக்கப்படவோ மாட்டோம் என்று ஒரு குழுவினர் கொண்டிருக்கும் பொது நம்பிக்கையே அது. மருத்துவமனைகளில் மருந்து தருவதில் நேரும் தவறுகளை அவர் முன்பு ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் செவிலியர் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அக்குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, தவறுகளை மறைக்காமல் பேசின என்பதே அவர் கண்ட விளக்கம். பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹெர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூலின் நோக்கில் பார்த்தால், நிறைவில்லாத இடத்தில் இருப்பவருக்கு வெளியேறுதல், குரல் எழுப்புதல் என்ற இரு வழிகளே உண்டு. குரலுக்கு வழியில்லாத நிறுவனத்தில் திறமையுள்ளவர்கள் முதலில் வெளியேறுவார்கள். வெளியேறவும் முடியாதவர்கள் உடலால் இருந்து மனத்தால் விலகிவிடுவார்கள்.

உடலும் நேரமும்

பணியிட நலத்தைப் பற்றிய பேச்சு, மனநிலையிலும் பண்பாட்டிலும் நின்று, உடலை மறந்துவிடுவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பதன் விளைவான பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 7,45,000 பேர் இறந்தனர். 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிடும்போது, இவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் கூடுதல். வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று தொழிலதிபர்கள் இளைஞர்களுக்கு அறிவுரை கூறும் காலத்தில் இந்தக் கணக்கு நினைவில் இருத்தற்குரியது. தமிழகச் சட்டமன்றம் 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் நிறைவேற்றிய, தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டதும் இதே கவலையின் வெளிப்பாடுதான்.

உடலைப் பற்றிய இன்னொரு சட்டம் தமிழகத்தின் துணிக்கடைகளையும் நகைக்கடைகளையும் அறிந்தவர்க்கு எளிதில் விளங்கும். நாள் முழுவதும் நின்றுகொண்டே பணிபுரியும் விற்பனைப் பணியாளர்க்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. கோழிக்கோட்டுக் கடைகளில் பணிபுரிந்த பெண்கள் நடத்திய போராட்டத்தின் பயனாகக் கேரளம் 2018-இலேயே இதைச் செய்திருந்தது. ஒரு நாற்காலியின் விலை எந்தக் கடைக்கும் சுமையன்று; வாடிக்கையாளர் பார்வையில் பணியாளர் அமர்ந்திருக்கக் கூடாது என்ற எண்ணமே தடையாக இருந்தது. செலவில்லாத ஒரு வசதியைக்கூடச் சட்டத்தின் மூலமாகவே பெற வேண்டியிருந்தது என்பது, பணியிடத்தில் பணத்தைவிட மதிப்பே பல நேரங்களில் அரிய பொருளாக இருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

அளக்கும் முறையின் நேர்மை

கணினித் துறையிலும் வங்கித் துறையிலும் பணிபுரிவோருக்கு இருக்கையும் குளிர்சாதன வசதியும் குறைவில்லை. அவர்களுடைய மனக்குறை பெரும்பாலும் ஆண்டு மதிப்பீடான அப்ரைசலைச் சுற்றியே எழுகிறது. ஒரு குழுவில் இத்தனை விழுக்காட்டினரே சிறந்தவர், இத்தனை விழுக்காட்டினர் கடைநிலையினர் என்று முன்கூட்டியே வகுத்துவிட்டு, ஊழியரை அந்தப் பெட்டிகளுக்குள் அடைக்கும் முறையைப் பெல் கர்வ் என்று இத்துறையினர் குறிப்பிடுகின்றனர். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் தலைமையில் புகழ்பெற்ற இம்முறையில், குழுவில் எல்லோரும் நன்றாகப் பணிபுரிந்தாலும் சிலர் கடைநிலையில் வைக்கப்பட்டே ஆக வேண்டும். அதனால் அருகில் இருப்பவர்க்கு உதவுவது தமக்கே தீங்காகும் நிலை பிறக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2013-இல் இம்முறையைக் கைவிட்டது. ஒரு நிறுவனத்தின் மதிப்பீட்டு முறை நேர்மையானதா என்பதை அறிய, குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கு அதன் காரணம் எழுத்தில் சொல்லப்படுகிறதா, அதை எதிர்த்து முறையிட மேலாளரல்லாத வேறொருவர் இருக்கிறாரா என்ற இரண்டையும் பார்த்தாலே போதும்.

ஸ்ரீபெரும்புதூரும் திண்டுக்கல்லும்

தமிழகத்தின் அண்மைக்கால அனுபவம், நூறாண்டுகளுக்கு முந்திய கேள்விகள் இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டுகிறது. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் பணிபுரிந்த பெண்கள், தாம் தங்கியிருந்த விடுதியில் வழங்கிய உணவால் பலர் நோயுற்றதை எதிர்த்துச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கும் இளம்பெண்களுக்குப் பணியிடம் என்பது தொழிற்சாலையின் வாயிலோடு முடிவதில்லை. சோறும் குளியலறையும் படுக்கையும் அதன் பகுதிகளே. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில், 18,720 பெண்கள் தங்கக்கூடிய தங்குமிட வளாகத்தை வல்லம் வடகாலில் தமிழக அரசு திறந்ததை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள முடியும்.

அதே ஆண்டு செப்டம்பர் 9 முதல் 37 நாள்கள் சாம்சங் தொழிற்சாலையில் நடந்த வேலைநிறுத்தம் வேறொரு வகையில் முக்கியமானது. அப்பகுதியில் ஒத்த பணிபுரிவோரின் சராசரி ஊதியத்தைப்போல் 1.8 மடங்கு ஊதியத்தைத் தாம் தருவதாக நிறுவனம் அறிவித்தது. தொழிலாளர் ஊதிய உயர்வையும் கேட்டனர் என்றாலும், அவர்கள் அமைத்த சங்கத்தை ஏற்றுப் பேச வேண்டும் என்பதே முதன்மைக் கோரிக்கையாக இருந்தது. சங்கம் 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் பதிவு பெற்றது. சுற்றுவட்டாரத்தைவிடக் கூடுதல் ஊதியம் கிடைத்தும் குரலுக்கான இடம் கேட்கப்பட்டது என்ற இந்நிகழ்வு, ஜாம்ஷெட்பூரிலும் பெரம்பூரிலும் கண்ட உண்மையை மின்னணுத் தொழிலின் காலத்துக்கும் நீட்டிக்கிறது.

குரலுக்கு எப்படி உருவம் கொடுக்கலாம் என்பதற்கு 2022-ஆம் ஆண்டின் திண்டுக்கல் ஒப்பந்தம் ஒரு முயற்சி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், ஆடை ஏற்றுமதி நிறுவனமும், ஆடைகளை வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களும், தொழிலாளர் உரிமை அமைப்புகளும் இதில் ஒப்பமிட்டன. பாலியல் துன்புறுத்தலையும் சாதிப் பாகுபாட்டையும் கண்காணித்துத் தெரிவிக்க, தொழிலாளரிடையேயிருந்தே பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றனர். புகார் செய்தவரைப் பழிவாங்குவது தடை செய்யப்பட்டது. ஒப்பந்தத்தை மீறினால் வாங்கும் நிறுவனங்கள் வணிக விளைவுகளை ஏற்படுத்தக் கடமைப்பட்டன. பத்துப் பேருக்குக் குறையாதோர் பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அக்குழு சுவரொட்டியில் மட்டும் இருக்கிறதா, உண்மையில் இயங்குகிறதா என்பதைப் புகார் செய்தவரின் வேலை என்ன ஆயிற்று என்பதைக் கொண்டே அறிய முடியும்.

வாயிலில் நிற்பவரைக் கேட்டால்

நல்ல நிறுவனத்தை அறிய முயல்வோர் பெரும்பாலும் அதன் நிரந்தர ஊழியரையே கேட்கின்றனர். இந்தியாவின் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் இன்று தொழிலாளருள் ஏறத்தாழ ஐவரில் இருவர் ஒப்பந்தத் தொழிலாளர் என்று அரசின் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பு காட்டுகிறது. அலுவலகங்களிலும் காவலர், துப்புரவுப் பணியாளர், உணவகப் பணியாளர், ஓட்டுநர் எனப் பலர் வேறு நிறுவனத்தின் பெயரால் பணிபுரிகின்றனர். ஒப்பந்ததாரர் ஊதியம் தரத் தவறினால் முதன்மை நிறுவனமே அதைத் தர வேண்டும் என்றும், குடிநீர், கழிப்பிடம், ஓய்வறை முதலிய வசதிகளுக்கு அதுவே இறுதிப் பொறுப்பு என்றும் 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. சட்டத்தில் இப்படி இருந்தும், ஒரே கூரையின் கீழ், ஒரே வேலையைச் செய்யும் இருவருள் ஒருவர் விழா முன்பணமும் மருத்துவக் காப்பீடும் பெற, மற்றவர் விடுப்பெடுத்தால் அன்றைய கூலியை இழக்கும் நிலை பல இடங்களில் தொடர்கிறது. நிரந்தர ஊழியரிடம் மட்டும் கருத்துக் கேட்டு வழங்கப்படும் சான்றிதழ், இத்தகைய நிறுவனத்தின் ஒரு பாதியைத்தான் அளந்திருக்கும்.

ஆகவே, வேலை தேடும் இளைஞரும், பிள்ளையை வேலைக்கு அனுப்பும் பெற்றோரும், தம் நிறுவனத்தை ஆராய விரும்பும் நிர்வாகியும் சில எளிய கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். சென்ற ஆண்டு மேலாளரோடு முரண்பட்டவர் இன்றும் அங்கே பணிபுரிகிறாரா? மகப்பேற்று விடுப்பு முடிந்து திரும்பிய பெண்ணுக்குப் பழைய பொறுப்பு கிடைத்ததா, அவர் நம்பி விட்டுச் செல்லக் குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா? கூடுதல் நேரம் உழைத்தால் அதற்கான ஊதியம் சம்பளச் சீட்டில் தெரிகிறதா? வேலைக்குச் சேரும்போது வாய்மொழியாகச் சொன்னவை பணி ஆணையில் எழுதப்பட்டிருக்கின்றனவா? துப்புரவுப் பணியாளர் உண்ணும் இடம் எது? இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை என்பதால், பணமில்லை என்ற காரணத்தைச் சொல்லி எந்த நிறுவனமும் தப்ப முடியாது.

முதலாளியின் நல்லெண்ணத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 1912-ஆம் ஆண்டின் எட்டு மணி நேர வேலைநாள் அத்தகைய நல்லெண்ணத்திலிருந்தே பிறந்தது. அந்த நல்லெண்ணம் எழுதப்பட்ட விதியாகவும், இரு தரப்பும் அமரும் குழுவாகவும், முறையிட்டவரைக் காக்கும் ஏற்பாடாகவும் மாறும்போதுதான், அதை உருவாக்கியவர் ஓய்வு பெற்ற பின்னும், நிறுவனமே கைமாறிய பின்னும் அது தொழிலாளியின் கையில் தங்குகிறது. தன் நல்லெண்ணத்தைத் தொழிலாளி கேள்வி கேட்கும் நாளில் அந்தக் கேள்வியை எதிர்கொள்ளும் முறையைக் கொண்டே ஒரு நிர்வாகத்தை எடைபோட வேண்டும். அந்தச் சோதனையில் தேறும் நிறுவனத்துக்குச் சான்றிதழ் தேவைப்படாது, தம் தம்பி தங்கையரையும் அங்கே வேலைக்குச் சேர்த்துவிட ஊழியர்களே முன்வருவார்கள்.